ஆரக்கிளோடு இன்னும் ஐந்து தரவுத்தளங்கள் தேவையா? ஒரு மருந்து விநியோக நிறுவனத்தின் கேள்வி

பொருநை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரியும் நிறுவனம் மருந்துகளைத் தயாரிப்பாளர்களிடம் வாங்கி, பல மாவட்டங்களில் உள்ள மருந்துக் கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் மொத்தமாக விநியோகிக்கிறது. கொள்முதல், பேட்ச் வாரியான இருப்பு, காலாவதித் தேதி, பில், ஜிஎஸ்டி கணக்கு ஆகிய அனைத்தும் பல ஆண்டுகளாக ஒரே ஆரக்கிள் தரவுத்தளத்தில் இருக்கின்றன. கடைக்காரர்கள் ஆர்டர் போடுவதற்குச் செயலி கொண்டுவந்த பிறகு மூன்று சிக்கல்கள் எழுந்துள்ளன. மருந்தின் பெயரைச் சற்றுத் தவறாகத் தட்டினாலும் தேடலில் எதுவும் கிடைப்பதில்லை. மாதக் கடைசியில் அறிக்கைகள் ஓடும்போது பில் போடும் கவுண்டர் மந்தமாகிவிடுகிறது. இன்சுலின், தடுப்பூசி போன்றவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்கும் குளிர்பதனப் பெட்டிகளின் வெப்பநிலைப் பதிவுகளை எங்கே சேமிப்பது என்பதற்கும் இதுவரை முடிவு இல்லை.

ஆலோசனைக்கு வந்தவர்கள் ஒரு வரைபடம் தந்திருக்கிறார்கள். அதன்படி ஆரக்கிள் அப்படியே இருக்கும். மருந்து விவரங்கள் மோங்கோடிபிக்கும், தேடல் எலாஸ்டிக்சர்ச்சுக்கும், இருப்பு எண்ணிக்கை ரெடிஸுக்கும், வெப்பநிலை இன்ஃப்ளக்ஸ்டிபிக்கும், எந்த பேட்ச் எந்தக் கடைக்குப் போனது என்ற தடம் நியோ4ஜேக்கும் போய்விடும். ஒவ்வொரு வேலைக்கும் அதற்கே உரிய கருவி என்பது அவர்களுடைய வாதம். நாங்களோ நால்வர்தான். இந்த வரைபடத்தை ஏற்கலாமா, எதை விடலாம், ஏற்பதென்றால் இவற்றை எப்படி இணைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கருங்கல் எழுதியது:

பொருநை அவர்களுக்கு வணக்கம். ஆலோசகர்களின் வாதம் வெறுமையானதல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லா வேலைக்கும் ஒரே வகைத் தரவுத்தளம் என்ற காலம் முடிந்துவிட்டது என்று 2005இலேயே மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் வாதிட்டார். இங்க்ரஸ், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தளங்களை உருவாக்கியவர் அவர். கூகுள் தனக்கெனக் கட்டிய பிக்டேபிள் தரவுத்தளம் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2006இலும் அமேசானின் டைனமோ பற்றிய கட்டுரை 2007இலும் வெளிவந்தன. கசாண்ட்ரா, மோங்கோடிபி, ரெடிஸ், எலாஸ்டிக்சர்ச் ஆகியவை 2008க்கும் 2010க்கும் இடையில் அடுத்தடுத்துப் பொதுவெளிக்கு வந்தன. நம் நாட்டிலேயே ஆதார் கட்டமைப்பு தன் தொடக்க ஆண்டுகளில் மைஎஸ்கியூஎல், மோங்கோடிபி, எச்பேஸ், சோலார் ஆகியவற்றைச் சேர்த்தே பயன்படுத்தியது. ஆகவே பல தரவுத்தளங்களைச் சேர்த்துப் பயன்படுத்துவது தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் வரைபடத்தில் உள்ள பெட்டிகளைப் பார்ப்பதைவிட அவற்றுக்கு இடையே உள்ள கோடுகளைப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு தரவுத்தளத்தை நிறுவுவது ஒரு பிற்பகல் வேலை. அதில் உள்ள தகவலும் ஆரக்கிளில் உள்ள தகவலும் ஒன்றாகவே இருக்கின்றன என்பதை ஒவ்வொரு நாளும் உறுதிசெய்வதோ, அந்த அமைப்பு இருக்கும்வரை தொடரும் வேலை. எனவே எந்தப் பெட்டியைச் சேர்ப்பதற்கு முன்பும் ஒவ்வொரு தகவலுக்கும் உரிமையுள்ள இடம் எது என்று எழுதி வையுங்கள். பேட்ச் இருப்புக்கு உரிமையாளர் ஆரக்கிள் என்றால், அது வேறு எங்கே இருந்தாலும் நகல்தான். நகலை எந்த நேரத்திலும் அழித்துவிட்டு, உரிமையாளரிடமிருந்து மறுபடியும் முழுமையாகக் கட்ட முடிய வேண்டும். அப்படிக் கட்ட முடியாத நகல், நீங்கள் அறியாமலே இன்னோர் உரிமையாளராக மாறிவிட்டது என்று பொருள். இரண்டு உரிமையாளர்கள் வேறு வேறு எண்களைச் சொல்லும் நாளில் எதை நம்புவது என்பதற்கு விடை கிடைக்காது.

உங்கள் துறையிலேயே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். தரமற்றவை என்று கண்டறியப்பட்ட மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடுகிறது. அதில் உள்ள ஒரு பேட்ச் உங்கள் கிடங்கில் இருக்கிறது. பொறுப்பாளர் அதை நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்துகிறார். நிரலில் இரண்டு வரிகள் உள்ளன. முதல் வரி ஆரக்கிளில் அந்த பேட்சின் நிலையை மாற்றி கமிட் செய்கிறது, அதாவது மாற்றத்தை நிரந்தரமாக்குகிறது. இரண்டாவது வரி எலாஸ்டிக்சர்ச்சில் அதே மாற்றத்தைச் செய்கிறது. முதல் வரி முடிந்து இரண்டாவது வரி தொடங்குவதற்குள் சர்வர் மறுதொடக்கம் ஆனால், ஆரக்கிளில் அந்த பேட்ச் தடைசெய்யப்பட்டிருக்கும். கடைக்காரரின் திரையில் விற்பனைக்கு இருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, எந்த லாகிலும் பதிவாகாது, கடைக்காரர் ஆர்டர் போடும்வரை யாருக்கும் தெரியாது. வரிகளை இடம் மாற்றினாலும் பயனில்லை; அப்போது தேடலில் தடை இருக்கும், கணக்கில் இருக்காது. இரண்டையும் ஒரே பரிவர்த்தனையில் (முழுவதும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரே செயலாக) அடக்கலாம் என்றால், அதற்கு வேண்டிய ஈரடுக்கு கமிட் முறையில் பங்கேற்கும் வசதி எலாஸ்டிக்சர்ச்சில் கிடையாது.

உங்கள் வரைபடத்தில் ஐந்து கோடுகள் இருப்பதால் இந்தச் சிக்கல் ஐந்து இடங்களில் காத்திருக்கிறது. அவற்றைக் குறைத்துவிட்டு, மிஞ்சுவதை எப்படி இணைப்பது என்று பிறகு பேசலாம்.

நெய்தல் எழுதியது:

கருங்கல் சொன்னதை ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து இன்னும் ஒரு படி மேலே போக விரும்புகிறேன். இந்த ஐந்தில் ஒன்றுகூடத் தேவைப்படாமல் போகலாம்.

மோங்கோடிபியை முதலில் எடுத்துக்கொள்வோம். மாத்திரைக்கு ஒரு வகை விவரம், ஊசிக்கு வேறு வகை, அறுவைச் சிகிச்சைப் பொருளுக்கு இன்னொரு வகை என்று வடிவம் மாறுவதால் ஆவணத் தரவுத்தளம் வேண்டும் என்பார்கள். மாறும் வடிவத்தை ஒரே ஒரு ஜேசன் (புலப்பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) நெடுவரிசையில் வைத்துக்கொள்ள ஆரக்கிள் 12சியிலிருந்தே வழி இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் 2014இல் வந்த 9.4 பதிப்பிலிருந்து அதற்கான ஜேசன்பி வகை இருக்கிறது. இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழ் தன் கட்டுரைகள் அனைத்தையும் மோங்கோடிபியிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றியது எப்படி என்று அதன் பொறியாளர்கள் 2018இல் விரிவாக எழுதினார்கள். கட்டுரைகளை உடைத்துப் பல அட்டவணைகளாக்காமல், ஜேசன் வடிவிலேயே ஒரு நெடுவரிசையில் வைத்தார்கள். தரவுத்தளத்தைப் பராமரிப்பதிலேயே குழுவின் நேரம் கரைந்துகொண்டிருந்ததுதான் அவர்கள் மாறியதற்கு முக்கியக் காரணம். நால்வர் மட்டுமே உள்ள குழு இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்து வெப்பநிலை. நாற்பது பெட்டிகள், நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 57,600 வரிகள். ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.1 கோடி. மாதவாரியாகப் பிரித்த அட்டவணையில் விரைவாகத் தேட உதவும் ஓர் இண்டெக்ஸ் நேரத்தின் மீது இருந்தால், எந்த உறவுமுறைத் தரவுத்தளமும் இதைச் சிரமமின்றித் தாங்கும். லட்சக்கணக்கான சென்சார்கள் நொடிக்கு நொடி பதிவு அனுப்பும் இடங்களுக்குத்தான் தனி நேரத்தொடர் தரவுத்தளம் அவசியம்.

நியோ4ஜே பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேட்ச் தடம் என்பது தயாரிப்பாளர், கிடங்கு, கிளை, கடை என்ற நான்கு படிகளுக்குள் முடிந்துவிடுகிறது. படிகளின் எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்த தேடலுக்குச் சாதாரண இணைப்பு வினவலே போதும். தெரியாவிட்டாலும் தன்னையே அழைக்கும் வினவலை ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் ஆதரிக்கின்றன. பண மோசடி வலைப்பின்னலைப் போல எத்தனை படி ஆழம் என்றே தெரியாத, ஒவ்வொரு படியிலும் ஆயிரமாகக் கிளைக்கும் உறவுகளுக்குத்தான் நியோ4ஜே போன்ற கிராஃப் (உறவுகளையே சேமிக்கும்) தரவுத்தளத்தின் பலம் தெரியும்.

பொருநை எழுதியது:

இருவருக்கும் நன்றி. மோங்கோடிபியும் நியோ4ஜேவும் வேண்டாம் என்பதை எங்கள் குழுவில் எளிதாக விளக்கிவிடலாம். தேடல் குறித்து மட்டும் ஐயம் இருக்கிறது. கடைக்காரர்கள் பிராண்டுப் பெயரையும், மூலப்பொருளின் பெயரையும், சில நேரம் பாதிப் பெயரையும் தட்டுகிறார்கள். சிலர் தமிழில் தட்டுகிறார்கள். இப்போது ஆரக்கிளில் சொல்லின் இரு புறமும் விழுக்காட்டுக் குறி போட்டுத் தேடுவதால் இண்டெக்ஸே பயன்படுவதில்லை. இதற்கும் தனித் தேடல் இயந்திரம் வேண்டாமா? மேலும், பில் மென்பொருளை எழுதிக் கொடுத்த நிறுவனம் ஆரக்கிளை மட்டுமே ஆதரிப்பதால், போஸ்ட்கிரெஸுக்கு மாறுவது இப்போதைக்கு நடக்காத காரியம்.

நெய்தல் எழுதியது:

போஸ்ட்கிரெஸில் மூன்றெழுத்துத் துண்டுகளை ஒப்பிடும் நீட்சி ஒன்று இருக்கிறது. எழுத்துப் பிழையோடு தட்டிய பெயர்களை அது நன்றாகவே கண்டுபிடிக்கும். 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து தமிழ்ச் சொற்களின் விகுதிகளைக் களைந்து வேரைக் கண்டறியும் அகராதியும் அதிலேயே சேர்ந்திருக்கிறது. உங்கள் கணக்கு ஆரக்கிளில் இருந்தே தீர வேண்டும் என்றால், தேடல், மருந்து விவரம், வெப்பநிலை, மாதாந்திர அறிக்கை ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே ஒரு போஸ்ட்கிரெஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கோடுகளுக்குப் பதிலாக ஒரே கோடு மிஞ்சும்.

கருங்கல் எழுதியது:

தேடல் விஷயத்தில் நெய்தலோடு நான் முழுமையாக உடன்படவில்லை. மருந்துப் பெயர்த் தேடலில் கிடைத்த பெயர்களை எந்த வரிசையில் காட்டுவது என்பதே முக்கியம். ஒரே மூலப்பொருளுக்கு இருபது பிராண்டுகள் இருக்கும்போது, இருப்பில் உள்ளது, அந்தக் கடை வழக்கமாக வாங்குவது, காலாவதிக்கு அதிக நாள் உள்ளது ஆகியவற்றை எடைபோட்டு வரிசைப்படுத்த வேண்டியிருக்கும். ஆங்கிலப் பெயரை ஒருவர் தமிழில் தட்டும்போது அதை ஒலிப்புக்கு ஏற்ப இணைக்கவும் வேண்டியிருக்கும். பெயர்ச்சொல்லான பிராண்டுப் பெயருக்கு விகுதி களையும் அகராதி அவ்வளவாக உதவாது. இவற்றை நாளடைவில் மெருகேற்றுவதற்கு எலாஸ்டிக்சர்ச் போன்ற கருவியில் உள்ள வசதி அதிகம். இருந்தாலும், ஒரு கருவியில் தொடங்கி அது போதாதபோது அடுத்ததைச் சேர்ப்பதே முறை. போஸ்ட்கிரெஸில் தொடங்கச் சொல்வதை நான் எதிர்க்கவில்லை.

இனி அந்த ஒரு கோட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இழப்பும் நிம்மதியும் அங்கேதான் தீர்மானமாகின்றன. ஒரே நிரல் இரண்டு இடங்களில் எழுதக் கூடாது. அது ஆரக்கிளில் மட்டும் எழுதட்டும். பேட்சின் நிலையை மாற்றும் அதே பரிவர்த்தனைக்குள், வெளிச்செல்லும் நிகழ்வுகளுக்கென்று வைத்திருக்கும் ஓர் அட்டவணையிலும் ஒரு வரி சேர வேண்டும்: எந்த பேட்ச், என்ன மாற்றம், எத்தனையாவது மாற்றம். கமிட் ஆனால் இரண்டும் சேர்ந்து ஆகும். ஆகாவிட்டால் இரண்டும் ஆகாது. பிறகு தனியாக ஓடும் ஒரு சேவை அந்த அட்டவணையைப் படித்து மறுபக்கம் சேர்க்கும். பில் மென்பொருள் உங்கள் கையில் இல்லாததால், அதன் அட்டவணைகளில் டிரிகர் (மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் நிரல்) போடலாமா என்று எழுதிக் கொடுத்தவர்களிடம் கேளுங்கள். அவர்கள் மறுத்தால், ஆரக்கிள் தன் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைக்கும் ரீடோ லாகைப் படித்து மாற்றங்களை எடுக்கும் டெபீசியம் போன்ற கருவி இருக்கிறது. அது ஆரக்கிளின் லாக்மைனர் கருவி வழியாகப் படிப்பதற்கு, பழைய லாகுகளைச் சேமித்துவைக்கும் ஆர்க்கைவ்லாக் முறையில் தரவுத்தளம் ஓட வேண்டும். கூடுதல் லாகிங்கையும் இயக்கியிருக்க வேண்டும்.

அந்த வழியில் ஒரு நுட்பமான ஆபத்து உண்டு. பழைய ஆர்க்கைவ் லாகுகளை அழிக்கும் பணி இரவில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெபீசியம் வெள்ளிக்கிழமை மாலை நின்றுபோய், திங்கட்கிழமை காலையில்தான் யாரோ கவனிக்கிறார்கள். அது படிக்க வேண்டிய லாகுகள் அதற்குள் அழிந்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. எல்லாத் தரவையும் முதலிலிருந்து முழுமையாக நகலெடுக்க வேண்டும். மூலம் போஸ்ட்கிரெஸாக இருந்தால் இதற்கு நேர்மாறான தொல்லை வரும்: படிப்பவர் வரும்வரை லாகை அது அழிக்காமல் வைத்துக்கொண்டே இருப்பதால் டிஸ்க் நிரம்பி, தரவுத்தளமே நின்றுவிடலாம். அதற்கு உச்சவரம்பு வைக்கும் வசதி 2020இல் வந்த 13ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. ஆகவே எந்தக் கருவியாக இருந்தாலும், நகல் எத்தனை நொடி பின்தங்கியிருக்கிறது என்ற ஒற்றை எண்ணை எப்போதும் திரையில் வைத்திருங்கள். அது வரம்பைத் தாண்டினால் அலைபேசி ஒலிக்கட்டும்.

வாங்கும் பக்கத்திலும் ஒரு விதி இருக்கிறது. ஒரே நிகழ்வு இரண்டு முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம் என்றே எண்ணி எழுத வேண்டும். தடை விலக்கப்பட்ட செய்தி முதலில் வந்து, தடைசெய்த பழைய செய்தி பிறகு வந்தால், சரியான பேட்ச் முடங்கிப்போகும். நேர்மாறாக நடந்தால் விளைவு இன்னும் மோசம். அதற்காகத்தான் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரிசை எண் வேண்டும் என்றேன். தன்னிடம் உள்ள எண்ணைவிடச் சிறிய எண்ணோடு வருவதை நகல் ஏற்கக் கூடாது. நடுவில் நிகழ்வுகளைக் கடத்துவதற்குக் காப்கா வைத்தால் பேட்ச் எண்ணையே சாவியாகக் கொடுங்கள். ஒரே சாவியுள்ளவை ஒரே பார்ட்டிஷனுக்குள் (பிரிவுக்குள்) போகும்; அதற்குள் மட்டுமே காப்கா வரிசையைக் காக்கும்.

இரவுப்பணி எழுதியது:

தரவுத்தளங்களை இயக்கும் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். வரைபடம் வரைபவர்கள் பேக்கப்பைப் பற்றி எழுதுவதே இல்லை. ஐந்து தரவுத்தளங்களுக்கு ஐந்து பேக்கப் எடுத்தால் பாதுகாப்பு ஐந்து மடங்காகாது. அவை ஐந்தும் வெவ்வேறு நொடிகளில் எடுக்கப்பட்டவை. ஒரு கோளாறுக்குப் பிறகு ஆரக்கிளை அதிகாலை 2 மணி நிலைக்கு மீட்டெடுக்கிறீர்கள். தேடல் பக்கமோ 2.20 வரையிலான மாற்றங்களை ஏற்கெனவே வாங்கியிருக்கிறது. இப்போது நகல், மூலத்தில் இல்லாத எதிர்காலத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். கருங்கல் சொன்ன வரிசை எண் விதி இங்கே எதிராகவே வேலை செய்யும்: மீண்ட ஆரக்கிள் அனுப்பும் எண்கள் சிறியவை என்பதால் நகல் அவற்றை மறுத்துவிடும்.

நகலை முழுமையாக அழித்து மறுபடியும் கட்டுவதைத் தவிர இதற்குத் தீர்வு இல்லை. அதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதை அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மறுகட்டுமானத்துக்கு இருபது நிமிடம் ஆனால் நிம்மதி. இருபது மணி நேரம் ஆனால் அந்த நேரம் முழுவதும் கடைகள் எப்படி ஆர்டர் போடும் என்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

ரெடிஸ் பற்றி யாரும் பேசவில்லை. இருப்பு எண்ணிக்கையின் உரிமையை அதற்குக் கொடுக்காதீர்கள். பிரதிகளுக்குப் பதிவு போய்ச் சேர்ந்ததா என்று அதன் முதன்மைச் சர்வர் இயல்பாகக் காத்திருக்காது. முதன்மைச் சர்வர் விழுந்து மற்றொன்று பொறுப்பேற்கும்போது, ஏற்கெனவே ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன பதிவுகளும் காணாமல் போகலாம். கடைசிப் பத்து அட்டைகள் இரண்டு கடைகளுக்கு விற்கப்படும். திரையில் தோராயமாகக் காட்டுவதற்குப் பயன்படுத்துங்கள். ஆர்டரை உறுதிசெய்யும்போது ஆரக்கிளிடம் கேளுங்கள்.

நெய்தல் எழுதியது:

உரிமம் பற்றியும் ஒரு குறிப்பு. மோங்கோடிபி 2018இலும், எலாஸ்டிக்சர்ச் 2021இலும், ரெடிஸ் 2024இலும் தங்கள் உரிம விதிகளை மாற்றின. எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து ஓப்பன்சர்ச்சும் ரெடிஸிலிருந்து வால்கியும் அப்படிப் பிரிந்தவைதான். பின்னர் எலாஸ்டிக்சர்ச்சும் ரெடிஸும் திறமூல உரிமத்தையும் ஒரு தெரிவாகத் திரும்பக் கொண்டுவந்தன. சேர்க்கும் ஒவ்வொரு தரவுத்தளத்தோடும் அதன் நிறுவனத்தின் எதிர்கால முடிவுகளையும் சேர்த்தே வாங்குகிறோம்.

கடலோரம் எழுதியது:

நான் வேறு கோணத்திலிருந்து வருகிறேன். பெரிய நிறுவனங்கள் பத்து வகைத் தரவுத்தளம் வைத்திருக்கின்றனவே என்ற கேள்வி உங்கள் மேலாளரிடமிருந்து நிச்சயம் வரும். அமேசானின் நுகர்வோர் வணிகப் பிரிவு தன் ஆரக்கிள் பயன்பாட்டைக் கைவிட்டதாக 2019 அக்டோபரில் அறிவித்தது. ஏறத்தாழ 7,500 தரவுத்தளங்களில் இருந்த 75 பெட்டாபைட் தரவு, அமேசானின் சொந்தத் தரவுத்தளச் சேவைகளான டைனமோடிபி, அரோரா, ஆர்டிஎஸ், ரெட்ஷிஃப்ட் என்று பிரிந்து போனது. அந்தப் பணியில் 100க்கும் மேற்பட்ட குழுக்கள் ஈடுபட்டன என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அங்கே ஒவ்வொரு சேவையின் தரவுக்கும் அதற்கென்றே ஒரு குழு பொறுப்பு. உங்களிடம் குழுவே ஒன்றுதான்.

இன்னொன்று சட்டம் சார்ந்தது. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தரவை அழிக்கும்படி கேட்கும் உரிமையைத் தனிநபருக்குத் தருகிறது. கடை உரிமையாளரின் அலைபேசி எண் எத்தனை இடங்களில் நகலாகியிருக்கிறது என்று இப்போதே பட்டியலிட்டு வையுங்கள். இன்னும் நல்லது, தேடல் பக்கத்துக்கு அந்த விவரமே போகாமல் பார்த்துக்கொள்வது.

பொருநை எழுதியது:

எங்கள் குழுவில் விவாதித்தோம். பில், இருப்பு, பேட்ச் நிலை ஆகியவற்றுக்கு ஆரக்கிளே உரிமையாளர். வெப்பநிலைக்கும், மருந்தின் விரிவான விவரங்களுக்கும் போஸ்ட்கிரெஸ் உரிமையாளர். இவற்றை மறுகட்டுமானம் செய்ய முடியாது என்பதால் தனிப் பேக்கப்பும் உண்டு. தேடலும் மாதாந்திர அறிக்கையும் அதே போஸ்ட்கிரெஸில் தனி ஸ்கீமாவில் (தனிப் பகுதியில்), அழித்துக் கட்டக்கூடிய நகல்களாக இருக்கும். மோங்கோடிபி, நியோ4ஜே, இன்ஃப்ளக்ஸ்டிபி வேண்டாம். எலாஸ்டிக்சர்ச் இப்போதைக்கு வேண்டாம். டிரிகர் போட மென்பொருள் நிறுவனம் சம்மதித்துவிட்டது.

ஒரே ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நகல் சில நொடி பின்தங்கியிருக்கும் என்பது இயல்பு என்றால், அந்தச் சில நொடிக்குள் தடைசெய்யப்பட்ட பேட்சுக்குக் கடைக்காரர் ஆர்டர் போட்டுவிட்டால் என்ன செய்வது?

கருங்கல் எழுதியது:

அந்தச் சில நொடியைப் பூஜ்யமாக்க முயல வேண்டாம். தேடல் திரை பேட்ச் எண்ணையே காட்ட வேண்டியதில்லை. மருந்தையும், இருக்கிறதா இல்லையா என்பதையும் காட்டினால் போதும். எந்த பேட்சிலிருந்து கொடுப்பது என்ற தெரிவு, ஆர்டரை உறுதிசெய்யும்போது ஆரக்கிளுக்குள் நடக்கட்டும். அந்தப் பரிவர்த்தனை, காலாவதி நெருங்கிய பேட்சிலிருந்து தொடங்கி, தடையில்லாத வரிகளை மட்டும் பூட்டி எடுத்து, இருப்பைக் கழிக்க வேண்டும். நிறுத்திவைக்கும் பொத்தானும் அதே வரியைத்தான் மாற்றுகிறது என்பதால் இரண்டில் எது முந்தியது என்பதை ஆரக்கிளே தீர்மானித்துவிடும். தடை முந்தினால் ஆர்டர் அடுத்த பேட்சுக்குப் போகும் அல்லது இருப்பு இல்லை என்று திரும்பும்.

ஆர்டர் முந்தியிருந்தால் அதைப் பிடிக்க இன்னொரு வாசல் வேண்டும். கிடங்கில் சரக்கை எடுத்து அட்டைப்பெட்டியில் வைக்கும்போது பேட்சை ஸ்கேன் செய்கிறீர்கள் அல்லவா, அந்த ஸ்கேனும் ஆரக்கிளையே நேரடியாகக் கேட்கட்டும், போஸ்ட்கிரெஸை அல்ல. இந்த இரண்டு இடங்களும் உரிமையாளரிடம் கேட்கின்றன என்பதை ஒரு சோதனை நிரலாகவே எழுதிவிடுங்கள்; நாளை புதிதாக வருபவர் வேகத்துக்காக அதை நகலுக்குத் திருப்பினால் அந்தச் சோதனை தோற்க வேண்டும்.